ஆலை போனது, ஞாபகமும் போகவேண்டுமா?

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 22-ந் தேதி சென்னைப் பட்டணத்துக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். 1639-ம் வருஷம் அந்தத் தேதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்தது என்பது கணக்கு. 2004-ல் ஆரம்பித்த இந்தக் கொண்டாட்டம் இன்று பெரிதாக வளர்ந்துவிட்டது. கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். துரைமார்கள் குடியிருந்த பங்களாக்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. பழைய படங்களைச் சட்டம் போட்டு மாட்டிக் கண்காட்சி வைக்கிறார்கள்.

கொண்டாடட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. பழைய கட்டடத்தை இடிக்காமல் காப்பது நல்ல காரியமே. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். ஆகஸ்ட் 22-க்குப் பிறகு ஏழே நாளில் ஆகஸ்ட் 29 வருகிறதே, அது என்ன நாள்?

1921-ம் வருஷம் ஆகஸ்ட் 29. பெரம்பூர் ஆலைப் பகுதியில், மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் மீது வெள்ளை சர்க்காரின் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்த நாள். உயிர்கள் விழுந்த நாள்!

கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள் பட்டணத்தின் பிறந்த நாள். அந்தப் பட்டணத்தை உழைத்து வளர்த்தவன் சுடப்பட்ட நாள்? கோட்டையைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஏன் தெரியவில்லை? யார் சொல்லாமல் விட்டார்கள்? இதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

காகிதம் யார் கையில்?

எழும்பூரில் சர்க்காரின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-ல் கட்டிய கட்டடம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதற்கொண்டு காகிதங்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. கலெக்டர் எழுதியது இருக்கிறது. போலீஸ் அதிகாரி எழுதியது இருக்கிறது. அவர்களுடைய கடிதங்களில் தொழிலாளிக்கு என்ன பெயர்? 'கும்பல்'. வேலைநிறுத்தத்துக்கு என்ன பெயர்? 'கலவரம்'. சுட்டவனுக்கு அறிக்கை எழுத மேஜையும் பேனாவும் இருந்தன. சுடப்பட்டவனுக்கு எழுத்தே தெரியாது.

நம் பக்கத்திலும் எழுதியவர்கள் உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அதை நடத்திய திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி வைத்தார். வாடியா நூல் எழுதினார். அவர்களுக்கு நாம் நன்றி சொல்கிறோம். ஆனால் ரிங் பிரேம் ஓட்டியவன் எழுதவில்லை. கார்டிங்கில் பஞ்சுத் தூசி குடித்து இருமி இருமிச் செத்தவன் எழுதவில்லை. வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் அடுப்பில் எதை வைத்துக் குழந்தைகளுக்குப் போட்டாள் என்று அவன் வீட்டுப் பெண் எழுதவில்லை. எழுதாததால் அது நடக்காமல் போய்விடுமா?

சொல்லக் கேட்டுப் பிறந்த சங்கம்

அந்தச் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! ஆலைப் பகுதியில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு சிறு வியாபாரிகள். அவர்கள் நடத்தி வந்ததோ ஒரு பக்தி சபை. ஆலை விட்டுத் திரும்பும் தொழிலாளர்கள் அவர்களிடம் வந்து தங்கள் கஷ்டங்களைச் சொல்லி அழுதார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் கை கழுவி வாயில் போட்டுக்கொள்ளக்கூடப் போதவில்லை என்றார்கள். மேஸ்திரியின் அடியையும் ஏச்சையும் சொன்னார்கள். இவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதைக் கொண்டுபோய் வாடியாவிடம் சொன்னார்கள். சங்கம் பிறந்தது.

ஆம்! முதலில் ஒருவன் சொன்னான். இன்னொருவன் கேட்டான். சங்கத்தின் விதை அதுதான். மனுவும் தீர்மானமும் அதற்குப் பிறகு வந்தவை. தொழிலாளி தன் வாயால் தன் கதையைச் சொல்வது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

அதனால்தான் கம்பெனியும் அந்தப் பேச்சுக்குப் பயந்தது. சங்கத் தலைவர்கள் மேல் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதே குற்றம், நஷ்டஈடு கொடு என்றது. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல்தான். அந்த வழக்கின் காகிதம் இருக்கிறது. வழக்கு நடந்தபோது புளியந்தோப்புக் குடிசைகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குக் காகிதம் இல்லை. அது ஜனங்களின் ஞாபகத்தில்தான் இருந்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று வந்தது.

வாய்ச் சொல் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரை விட்டு ஓடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் தமிழ் நாட்டில், கண்மூடித் திறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட்டுப் போகும் ஆசாமியை 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். எந்த சர்க்கார் உத்தரவு போட்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றியது? எந்தக் கல்வெட்டு காப்பாற்றியது? ஜனங்களின் நாக்கு காப்பாற்றியது!

ஆனால் ஒன்று. நாக்கு சொல்லைக் காப்பாற்றும், விவரத்தைக் காப்பாற்றாது. அந்த ராத்திரி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் என்ன பார்த்தான், எங்கே ஓடினான், திரும்பி வந்தபோது வேலை இருந்ததா? அவனைக் கேட்டு எழுதி வைக்காததால் அது போயே போய்விட்டது.

ஆலை எங்கே? ஆட்கள் எங்கே?

1876-ல் பக்கிங்ஹாம் ஆலை. 1881-ல் கர்நாடிக் ஆலை. 1996-ல் கதவு மூடியது. நூற்றிருபது வருஷம் விடியற்காலையில் சங்கு ஊதி வடசென்னையை எழுப்பிய ஆலை அது. மூடிய பிறகு அதன் கொட்டகைகளில் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். உண்மையான போராட்டம் நடந்த மண்ணில் பொய்ச் சண்டை! பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. அங்கே குடிவருகிற குழந்தைக்குத் தன் காலடியில் என்ன இருந்தது என்று யார் சொல்லப் போகிறார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1960-ல் இருபது வயதில் அந்த ஆலைக்குள் நுழைந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. 1921-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் வாயால் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் போனால், அந்தக் கதை போலீஸ் அறிக்கையில் இருக்கிறபடிதான் இருக்கும்.

பெரம்பூர் மட்டுமா? ஐ.சி.எப். தொழிற்சாலையில் 1955-ல் முதல் ரயில் பெட்டிகளுக்கு இரும்பு வளைத்தவர்கள் எங்கே? துறைமுகத்தில் யந்திரம் வருமுன் முதுகால் மூட்டை சுமந்தவர்கள் எங்கே? 1973-ல் கை ரிக்ஷா ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் இழுத்த அந்த வண்டியை இழுத்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் எத்தனை பேர்? அவர்களிடம் யார் போய்க் கேட்டார்கள்?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்ற பேச்சு இருந்தது. பிற்பாடு என்ன ஆயிற்று? கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலை இன்னும் வேகமாக நடந்தது. வீடு போனது மட்டுமல்ல, அக்கம்பக்கம் போனது. 'இந்த மரத்தடியில்தான் கேட் மீட்டிங் நடந்தது, இந்தச் சந்தில்தான் தடியடி பட்டோம்' என்று காட்டுவதற்கு மரமும் இல்லை, சந்தும் இல்லை, கேட்கப் பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை. ஞாபகம் என்பது தலைக்குள் மட்டும் இருப்பதல்ல. தெருவில் இருப்பது. தெருவைக் கலைத்தால் ஞாபகமும் கலையும்.

இதில் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். இங்கே யாரும் இருந்ததில்லை, எதுவும் நடந்ததில்லை என்றால் நிலத்தை விற்பது சுலபம்!

'கிழவர்கள் பேச்சு சரித்திரமா?'

இப்படிக் கேட்கிறார்கள் படித்த கனவான்கள் சிலர். 'வயதானவர்களுக்கு மறதி அதிகம். தேதி மாற்றிச் சொல்வார்கள். ஒன்றைப் பத்தாக்குவார்கள். இதையெல்லாம் சரித்திரம் என்று ஏற்கமுடியுமா?'

பதில் சொல்கிறோம். மறப்பது கிழவர்கள் மட்டுமா? போலீஸ் அறிக்கை மறப்பதில்லையா? முதலில் கல் எறிந்தது யார் என்று எந்த அறிக்கையாவது ஒழுங்காகச் சொன்னதுண்டா? காகிதத்தில் இருக்கிற பொய்க்குக் காகிதம் என்பதால் மரியாதை. வாயில் இருக்கிற உண்மைக்கு வாய் என்பதால் சந்தேகம். என்ன நியாயம் இது?

தப்பாகச் சொன்னால்கூட அதில் விஷயம் உண்டு. இத்தாலியில் தெர்னி என்று ஓர் உருக்காலை நகரம். அங்கே 1949 மார்ச் 17-ந் தேதி, இத்தாலி நேட்டோ யுத்தக் கூட்டில் சேரக்கூடாது என்று ஆலையை விட்டு ஊர்வலமாக வந்த தொழிலாளர்களைப் போலீஸ் தாக்கியது. லூயிஜி திரஸ்துல்லி என்ற இருபத்தோரு வயதுத் தொழிலாளி உயிரிழந்தான். பல வருஷம் கழித்து அலெசாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்க் கேட்டார். பலரும் சொன்னது என்ன? அவன் இறந்தது 1953-ல், ஆயிரக்கணக்கானவர்களை ஆலை வேலையை விட்டுத் துரத்தியதை எதிர்த்த போராட்டத்தில் என்றார்கள்.

தேதி தவறுதான். ஆனால் அந்தத் தவறை அவர் தூக்கி எறியவில்லை. அது ஏன் வந்தது என்று கேட்டார். அந்த ஊருக்கே பெரிய அடி 1953-ன் ஆட்குறைப்பு. தங்கள் தோழனின் சாவு, பதில் கொடுக்காமல் விடப்பட்ட ஒரு சாவு, அந்தப் பெரிய போராட்டத்தோடு சேர்ந்தால்தான் ஜனங்களின் மனசு ஆறியது. தேதியைக் காகிதம் சொன்னது. காயத்தை ஞாபகம் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் சரித்திரம் முழுசாகத் தெரிந்தது. இதுதான் முறை. வாய்ச் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று நாம் சொல்லவில்லை. காகிதத்தோடு வைத்துப் பார். காகிதத்தையும் வாய்ச் சொல்லோடு வைத்துப் பார் என்கிறோம்.

கசப்பையும் பதிவு செய்யவேண்டும்

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாபகத்தைப் பதிவு செய்வது என்றால் வீரக்கதைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது அல்ல.

1921 வேலைநிறுத்தத்தில் நடந்தது என்ன? ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஜாதி இந்துத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. முதலாளியை எதிர்த்து நின்ற கூட்டம் தனக்குள் வெட்டிக்கொண்டது. இதில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் சர்க்காருக்கும்தான் லாபம். ஆனால் பிளவை வெள்ளைக்காரன் வானத்திலிருந்து கொண்டுவந்து போடவில்லை. ஜாதி என்ற விரிசல் முன்பே இருந்தது. அவன் அதில் கடப்பாரையை நுழைத்தான்.

ஆதிதிராவிடத் தொழிலாளி ஏன் திரும்பிப் போனான்? சங்கத்தில் அவனுக்கு என்ன இடம் இருந்தது? பட்டினியில் அவனுக்குக் கடன் கொடுக்க யார் இருந்தார்கள்? குடிசை எரிந்த இரவைப் பற்றி அவன் வீட்டில் என்ன சொல்லி வந்தார்கள்? இந்தக் கேள்விகளை அந்தக் குடும்பங்களிடம் போய்க் கேட்கவேண்டும். இரண்டு பக்கத்தாரின் ஞாபகத்தையும் எடுக்கவேண்டும். கசக்கும் என்பதற்காக மூடி வைத்தால் அந்தக் காயம் ஆறாது, உள்ளே சீழ் பிடிக்கும். வேலம்மாளையும் மதுரையையும் ஒரே சங்கத்தில் நிற்க வைக்கவேண்டுமானால், இருவரின் பாட்டன்மார்களும் ஏன் எதிரெதிரே நின்றார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்களையும் மறக்கக்கூடாது. 'வீட்டுக்காரரைக் கேளுங்கள், எனக்கென்ன தெரியும்' என்பார்கள். அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். கூலி வந்த நாளில் என்ன வாங்கினார்கள், வராத நாளில் எதை அடகு வைத்தார்கள், ரேஷன் வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் - பட்டணத்தின் பொருளாதாரச் சரித்திரம் முழுவதும் அவர்கள் சேலை முந்தானையில் முடிந்து கிடக்கிறது.

பம்பாயும் போபாலும் காட்டிய வழி

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட வேண்டாம். நடந்திருக்கிறது.

பம்பாயில் ஆலைகள் நிறைந்த பகுதிக்கு கிரண்காவ் என்று பெயர். ஆலைக் கிராமம் என்று அர்த்தம். 1982 ஜனவரி 18-ல் அங்கே சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்டம் நசுக்கப்பட்டது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆலை நிலத்தில் கடை மாளிகைகளும் உல்லாச விடுதிகளும் எழுந்தன. ஆனால் அங்கே நீரா அடார்கர், மீனா மேனன் என்ற இரண்டு பெண்கள் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர்களையும், அவர்கள் வீட்டுப் பெண்களையும், பாட்டுப் பாடியவர்களையும், சங்க ஊழியர்களையும் தேடிப் போய்க் கேட்டார்கள். 2004-ல் 'நூறு ஆண்டுகள், நூறு குரல்கள்' என்று அது புத்தகமாக வந்தது. ஆலை நிலத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும், வீடு வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 'இந்த நிலத்தில் எங்கள் வியர்வை இருக்கிறது' என்று சொல்வதற்கு அந்தக் குரல்களே சாட்சி.

போபாலில் 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. முப்பது வருஷம் கழித்து 2014-ல் அங்கே ஒரு சிறு நினைவகம் திறந்தார்கள். செத்துப்போன குழந்தையின் சட்டை, அதன் பக்கத்தில் அந்தத் தாய்மார்களின் குரல் ஒலிப்பதிவு. சர்க்கார் பணமும் கம்பெனிப் பணமும் வாங்காமல் நடத்துகிறார்கள். ஏன்? கொன்றவன் காசில் செத்தவன் கதையைச் சொல்லமுடியாது!

கிராமத்துத் தோழர்களுக்கு

'இது பட்டணத்து விவகாரம், நமக்கென்ன' என்று நினைக்கவேண்டாம். பட்டணத்து ஆலைத் தொழிலாளி வானத்திலிருந்து குதித்தவன் அல்ல. செங்கற்பட்டிலும் வட ஆற்காட்டிலும் மழை பொய்த்து, மிராசுதார் கடனில் மூழ்கி, மூட்டை கட்டிக்கொண்டு வந்த உங்கள் பங்காளிதான் அவன். அவன் ஏன் ஊரை விட்டான் என்பது உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டிக்குத் தெரியும். பட்டணத்துச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் கிராமத்தில்தான் கிடக்கிறது.

தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்தார்கள் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது? எந்தப் பண்ணைக் கணக்கில் 'இன்று இன்னாருக்குச் சாணிப்பால் கொடுத்தோம்' என்று எழுதி வைத்தார்கள்? குடித்தவன் வாய் திறந்து சொன்னதால் தெரிந்தது.

என்ன செய்வது?

முன்பெல்லாம் குரலைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டும். இன்று ஒவ்வொரு தொழிலாளியின் சட்டைப் பையிலும் கைபேசி இருக்கிறது. ஆகவே சாக்குச் சொல்ல இடமில்லை. ஒவ்வொரு சங்கக் கிளையும் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் பெரியவரிடம் அனுமதி கேளுங்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். 'போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மேடைப் பேச்சுதான் வரும். 'முதல் நாள் ஆலைக்குள் யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? முதல் கூலி எவ்வளவு? மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? யார் யார் சேர்ந்து உட்கார்ந்தீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். மௌனமாக இருந்தால் காத்திருங்கள். அவரிடம் இருக்கும் பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, சங்க ரசீது, போட்டோ எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பதிவை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். சொன்னவரின் சம்மதம் இல்லாமல் ஊரெல்லாம் பரப்பாதீர்கள்.

பிறகு அதைப் பூட்டி வைக்காதீர்கள். ஆலை வாசலில், கிளைக் கூட்டத்தில், படிப்பகத்தில் எல்லோரும் கேட்கும்படி போட்டுக் காட்டுங்கள். ஒப்பந்தக் கூலியாக இன்று வேலைக்கு வரும் இளைஞன், எட்டு மணி நேர வேலையும் வார லீவும் யாரோ போட்ட பிச்சை அல்ல என்பதை அந்தக் குரல் வழியாகத் தெரிந்துகொள்ளட்டும்.

சென்னைக் கடற்கரையில் 1923-ல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். இந்தியாவிலேயே முதல் மே தினம். அதே கடற்கரையில் 1959 முதல் உழைப்பாளர் சிலை நிற்கிறது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். அருமையான சிலை. ஆனால் சிலைக்குப் பேச வாய் கிடையாது. பேச வாயுள்ள உழைப்பாளி நம் பக்கத்துத் தெருவில், கயிற்றுக் கட்டிலில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் போங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை!